ஏழு தாளும் ஏழு கோடும்

இசக்கிமுத்துவுக்குக் கண் விரலில்தான் இருந்தது. தொட்டுப் பார்க்காத எதையும் அவன் நம்பியதில்லை. வேல்விழியைப் பெண் பார்க்கப் போன அன்று, உட்காரச் சொல்லி விரித்த ஜமுக்காளத்தின் ஓரத்தைப் புரட்டி மடிப்புத் தையலைச் சோதித்தான் என்று அவள் வீட்டார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பழக்கதோஷம், என்ன செய்வது. திருப்பூரில் குழந்தைகள் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவன் குவாலிட்டி கண்ட்ரோலர். அவன் கையெழுத்து விழாமல் அங்கே ஒரு அட்டைப்பெட்டியும் வண்டி ஏறாது.

அப்பேர்ப்பட்டவன் போன வருஷம் மண்ணைக் கவ்வினான். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான டீ-சர்ட் ஆர்டர். ஏழு லைனில் தைத்தார்கள். ஒரு லைன் என்றால் வரிசையாக முப்பது மெஷின், முப்பது டெய்லர், அவர்கள் தலைக்கு மேல் நின்று கத்த ஒரு சூப்பர்வைசர். பனியனின் கழுத்தை இழுத்துப் பிடித்தால் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் விரிய வேண்டும். இசக்கிமுத்து ஒவ்வொரு லைனிலும் இருபது பீஸ் எடுத்து இழுத்துப் பார்த்தான். சில பீஸ் ஐம்பத்து மூன்று வந்தது, சில ஐம்பதில் நின்றுகொண்டு அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. மொத்தத்தில் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் இருபது பீஸில் அது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? அதற்காக ஓடுகிற லைனை நிறுத்தச் சொன்னால் சூப்பர்வைசர் அடிக்க வருவார். ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தந்த லைனிலேயே தாளைக் கொடுத்துவிட்டான். அங்கே ஒரு வழக்கம். தன் லைன் தாளை எந்தச் சூப்பர்வைசரும் பக்கத்து லைன்காரர் கண்ணில் காட்ட மாட்டார். ஏழு தாளும் ஏழு அட்டையில் தனித்தனியாகக் குத்திக் கிடந்தன.

மூன்று மாதம் கழித்து, சரக்கு வாங்கிய வெளிநாட்டுப் பையரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. பனியன் அதன் காதோடு நின்றுவிட்டது, உள்ளேயிருந்து வீல் வீலென்று அழுகை மட்டும் வருகிறது. சரக்கு பூராவும் திரும்பியது. ஏழு லைனுக்கும் கழுத்துப் பட்டிக்குப் போன துணி ஒரே லாட்டில் வந்தது, அது இழுவை கம்மி. முதலாளி நல்ல மனுஷர், வேலையை விட்டு அனுப்பவில்லை. கம்பெனியில் மட்டும் அவன் பெயர் 'தலைநுழையான்' என்று ஆகிப் போனது. இன்னும் நிறைய பீஸ் பார்த்திருக்க வேண்டும் என்று அவனே தனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அன்றிலிருந்து இருபதுக்குப் பதில் அறுபது பீஸ் இழுக்க ஆரம்பித்தான்.

அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடாத ஒரே ஆள் கட்டிங் மாஸ்டர் அந்தோணிராஜ். சாத்தான்குளத்துக்காரர், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பையோடு வந்து இறங்கிய இசக்கிமுத்துவுக்கு வேலையும் வாடகைக்கு வீடும் பார்த்துக் கொடுத்தவர். ஒரு ஜாண் உயரத்துக்கு அடுக்கிய துணியை மெஷின் கத்தியால் வளைத்து அறுக்கும்போது ஒரு நூல் பிசகாது. ஆனால் பிறந்த குழந்தை சைஸுக்கு ஆர்டர் வந்தால் மட்டும் அந்த அளவு அட்டையை அவர் தொட மாட்டார். "கன்னையா, இத நீ வெட்டு" என்று உதவியாளரிடம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு ஏழாம் மாதத்திலேயே பிறந்த ஆண் குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. அதை எல்லாரும் அறிவார்கள், யாரும் பேச மாட்டார்கள்.

வேல்விழி அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். அவளுக்குக் கர்ப்பம் முப்பதாவது வாரம் நடந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி டீக்கு எழுந்தவள் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். காலடியில் சிமென்டுத் தரை நனைந்திருந்தது. "ஏங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். செக்கிங் டேபிளில் இருந்த இசக்கிமுத்துவுக்கு அத்தனை மெஷின் சத்தத்திலும் அது கேட்டது. கம்பெனி வேனில் ஏற்றினார்கள். அந்தோணிராஜ் கத்தியை நிறுத்திவிட்டு அப்படியே ஏறி வந்தார், கையில் நீலச் சாக்பீஸ் தூளோடு.

ஆஸ்பத்திரிக்கு வேல்விழியின் கைப்பையும் கூடவே வந்திருந்தது. அதில் தன் மருத்துவத் தாள்களைப் பனியன் மடித்துப் போடும் பிளாஸ்டிக் கவரில் வாரவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். 'இந்தப் பை விளையாட்டுப் பொருள் அல்ல' என்று பத்து மொழியில் அச்சடித்த கவர். டாக்டர் சுபஸ்ரீ முதல் ஸ்கேன் தாளை உருவி எடுத்து, தேதியை விரல் விட்டு எண்ணி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இசக்கிமுத்துவிடம் வந்தார்.

"பனிக்குடத் தண்ணி கசியுதுங்க. வலியும் எடுத்துருக்குது. தள்ளிப் போடத்தான் பாக்கறமுங்க, ஆனா ரண்டு நாள் தாண்டுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. குழந்தைக்கு நுரையீரல் இன்னும் தயாராகலைங்க. அதுக்குன்னு ஒரு ஊசி இருக்குது, பன்னண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, மொத்தம் நாலு. சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன். கையெழுத்து உங்க ஊட்டுக்காரம்மா போடோணும். அவங்க உங்களைக் கேட்டுட்டுத்தான் போடுவேன்னு சொல்றாங்க."

கட்டிலில் இருந்து வேல்விழி வலியோடு சிரித்தாள். "அவுக பாத்துட்டுச் சொல்லட்டும் டாக்டரம்மா. தொட்டுப் பாக்காம அவுகளுக்கு எதுலயும் மனசு நிக்காது."

"என்ன ஊசிங்க?" என்று இசக்கிமுத்து கேட்டான். பக்கத்தில் நின்ற நர்ஸ் மருந்தின் பெயரைச் சொன்னார். பின்னால் நின்ற அந்தோணிராஜின் கை அவன் தோளை இறுக்கிப் பிடித்தது. நீலச் சாக்பீஸ் அவன் சட்டையில் ஐந்து விரலாக ஒட்டியது.

வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "ஏல, அந்த ஊசிதாம்ல. அதேதான். என் வீட்டுக்காரிக்குப் போட்டது அதுதாம். கையெழுத்து கேட்டாங்க, நாந்தான் போட்டுக் குடுட்டின்னு அவ கையில பேனாவத் திணிச்சேன். மறுநா பிறந்தான். மூணு நா கெடந்து மூச்சு வாங்குனாம்ல, மக்கா. மூணு நா. வேண்டாம்னு சொல்லிரு."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் இசக்கிமுத்து தாங்கியிருப்பான். குழாயைத் திறந்து கையைக் கழுவினார், மூடினார், மறுபடி திறந்தார். மூன்று வருஷமாக ஒரு மனுஷன் தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு பக்கத்து டேபிளில் நின்று துணி வெட்டியிருக்கிறார், இது தெரியாமல் அவரோடு சேர்ந்து தினமும் டீ குடித்திருக்கிறோமே என்று இருந்தது இசக்கிமுத்துவுக்கு. அவர் கண் முன்னால் செத்த பிள்ளை ஒன்று. முன்பின் தெரியாத டாக்டர் சொல்லும் வார்த்தை ஒன்று. தொட்டுப் பார்க்கிறவன் எதை நம்புவான்? நேராக உள்ளே போய், "ஊசி வேண்டாங்க" என்றான்.

டாக்டர் சுபஸ்ரீ சத்தம் போடவில்லை. சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம்.

"ஏனுங்க, வேண்டாங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கோணுமல்லங்க. சொல்லுங்க."

அவன் சொன்னான். வாசலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்ற அந்தோணிராஜைக் கண்ணால் காட்டினான். டாக்டர் அவரையும் உள்ளே கூப்பிட்டார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வேன் நின்ற பக்கம் நடந்துவிட்டார்.

"நீங்க என்ன வேலைங்க?"

"குவாலிட்டி. பனியன் கம்பெனியில."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுளுவுங்க. இங்க வாங்க." மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு தாளை உருவி எடுத்தார். மடிப்பு மடிப்பாய்ப் பழுத்த தாள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு. அதன் குறுக்கே ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழு படுக்கைக் கோடுகள், சில நீளம், சில குட்டை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்ன வைரக்கட்டம், சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி.

"இந்த ஊசிய மொதல்ல ஆட்டுக்குட்டியிலதான் பாத்தாங்க. நியூசிலாந்துல ஒரு டாக்டர். மாசம் நெறையறதுக்கு முன்னாடி பிறந்த குட்டி மூச்சு விட்டு நின்னுது, அவராலயே நம்ப முடியல. அப்புறம் தாய்மாருக்குப் போட்டாங்க. எல்லாத்துக்கும் போடலைங்க. சீட்டுக் குலுக்கற மாதிரி, பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. தனக்கு எது வந்துதுன்னு தாய்க்கும் தெரியாது, போட்ட டாக்டருக்கும் தெரியாது. பிறகு எத்தனை குழந்தை பிழைச்சுது, எத்தனை போச்சுன்னு எண்ணுனாங்க. அது மாதிரி ஊர் ஊரா செஞ்ச ஏழு ஆராய்ச்சிங்க இது. கோட்டுக்கு ஒண்ணு."

"நடுக்கோடு?"

"நடுக்கோட்டுக்கு இடது பக்கம்னா ஊசி நல்லது பண்ணுது. வலது பக்கம்னா கெட்டது பண்ணுது. கோட்டோட நீளம் நம்ம சந்தேகமுங்க. கொஞ்சம் பேரப் பாத்திருந்தா சந்தேகம் பெருசு, கோடு நீளம். நெறையப் பேரப் பாத்திருந்தா குட்டை. நடுக்கோட்டத் தாண்டி ரண்டு பக்கமும் நீட்டிட்டு நிக்குதுன்னா, நல்லதா கெட்டதான்னு அந்த ஆராய்ச்சியால அறுதியாச் சொல்ல முடியலைன்னு அர்த்தம். நீங்களே பாருங்க."

அவன் குனிந்தான். விரலை வைத்து ஒவ்வொரு கோடாகத் தடவினான். ஒன்றிரண்டைத் தவிர மற்ற எல்லாக் கோடும் நடுக்கோட்டை வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது. தெரியாது, தெரியாது, தெரியாது. ஓகே, ஓகே, ஓகே என்று அவன் எழுதிக் கொடுத்தது மாதிரியே ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. மூன்றாம் கோட்டில் அவன் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து தடவினான். நடுக்கோட்டை வெட்டினாலும் எல்லாக் கோட்டின் உடம்பும் இடது பக்கம்தான் கிடந்தது. ஏழும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

போன வருஷத்து ஏழு தாள் கண் முன்னால் வந்து நின்றது. முதல் லைன், கொஞ்சம் குறைவு, ஓகே. இரண்டாம் லைன், கொஞ்சம் குறைவு, ஓகே. ஒரு லைனாவது கொஞ்சம் கூடுதல் என்று காட்டியதா? இல்லை. தற்செயல் என்றால் ஏழும் எப்படி ஒரே பக்கம் குறையும்? நிறைய பீஸ் பார்க்காதது அல்ல அவன் செய்த தப்பு. நூற்று நாற்பது பீஸ் அவன் கையில் இருந்தது. அந்த ஏழு தாளை ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அதுவே கத்திச் சொல்லியிருக்கும். வைக்கத்தான் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

"எல்லாம் சாஞ்சிருக்குங்க" என்றான்.

டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "பாத்துட்டீங்க. அத ஒவ்வொண்ணாப் படிச்சுட்டு, உறுதியில்லைன்னு பல வருஷம் பல டாக்டருங்க இந்த ஊசியப் போடாமயே இருந்தாங்க. பின்னால சில பேரு உக்காந்து, எல்லாத்தையும் தேடி எடுத்து, தரம் பாத்து, பெரிய ஆராய்ச்சிக்குப் பெரிய எடை, சின்னதுக்குச் சின்ன எடைன்னு சேத்துப் பாத்தாங்க. அதுதான் கீழ இருக்கற இந்தக் கட்டம்."

சின்ன வைரக்கட்டம் நடுக்கோட்டைத் தொடவில்லை. தெளிவாக இடது பக்கம் தனியாக நின்றது.

"இன்னைக்கு இருபதுக்கு மேல ஆராய்ச்சி சேந்துருச்சு. பத்தாயிரத்துக்கு மேல தாய்மாருங்க. கட்டம் அந்தப் பக்கமேதான் நிக்குதுங்க. இது எல்லாத்துக்கும் எப்பவும் நல்லதுன்னும் நான் சொல்ல மாட்டேன். வாரக் கணக்குத் தெரியாம, குழந்தையப் பாத்துக்க வசதியில்லாத எடத்துல போட்டா வேற மாதிரியும் ஆயிருக்குது. அதனாலதான் மொத ஸ்கேனத் தேடுனேன், காய்ச்சல் பாத்தேன். உங்க ஊட்டுக்காரம்மா அந்தக் கவர்ல பத்திரமா வெச்சிருந்தாங்க, புண்ணியவதி."

"அப்ப வெளிய நின்ன எங்க அண்ணன் பிள்ளை ஏங்க செத்துச்சு?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஊசி போடாம நூறு குழந்தை போற எடத்துல, போட்டா ஒரு இருபது குழந்தை பிழைக்குதுங்க. மீதி எண்பது, போட்டும் போகுது. அவரு குழந்தை அந்த எண்பதுல ஒண்ணுங்க. ஊசியால போகல, ஊசியாலயும் காப்பாத்த முடியல. இந்த ஏழு கோட்டுக்குள்ளயும் அப்படிப் போன குழந்தைங்க இருக்காங்க. ஒண்ணு விடாம எண்ணியிருக்காங்க. அவங்கள விட்டுட்டு எண்ணுனா இந்தக் கட்டமே பொய்யுங்க."

இசக்கிமுத்து மறுபடி தாளைப் பார்த்தான். அது வெறும் தாள், கோடு கோடாக மை. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். எந்த நாட்டுக்காரிகளோ, அவர்கள் பேச்சு இவனுக்கு ஒரு வார்த்தை விளங்காது. அவர்களும் ஒரு வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ எழுந்த இடத்தில் நின்றுவிட்டவர்கள்தான். தங்களுக்கு வருவது மருந்தா இல்லையா என்று தெரியாமலே சரி என்று சொன்னவர்கள். சிலர் பிள்ளையோடு வீடு போனார்கள், சிலர் வெறுங்கையோடு போனார்கள். போகும்முன் தங்கள் பிள்ளையையும் எண்ணிக்கொள்ள விட்டுப் போனார்கள். இவன் பிறப்பதற்கும் முன்னால் நடந்த அது, கடல் தாண்டி, மலை தாண்டி, திருப்பூரில் ஒரு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வந்து வேல்விழிக்காகக் காத்திருந்திருக்கிறது. கோயிலில்கூட அவனுக்கு இப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை. தாளைப் பார்த்துக் கூப்பினால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்று கையைக் கட்டிக்கொண்டான்.

பன்னிரண்டே கால். கட்டிலருகே போனான்.

"பாத்தீகளா?" என்றாள் வேல்விழி.

"பாத்தேன்."

"தலை நுழையுமா?"

இந்த நேரத்திலும் இவளுக்கு நக்கல் போகவில்லை என்று அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "பத்தாயிரம் பேரு பாத்துக் குடுத்திருக்காங்கட்டி. போட்டுக்கோ. ஆனா கண்டிப்பா பிழைக்கும்னு இல்ல. போட்டா பிழைக்க வாய்ப்பு கூடுது, அவ்வளவுதாம்."

"கூடுதுல்லா, பெறவு என்ன?" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வேன் நின்ற பக்கத்துச் சன்னல் வழியே இதைப் பார்த்த அந்தோணிராஜ் உள்ளே வரவில்லை. "சொன்னேன், கேக்கல. உம் பிள்ளை, உம் பாடு" என்று வேன் டிரைவர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

நாலாவது ஊசியும் போட்டு முடித்த சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆயிரத்து முந்நூற்று இருபது கிராம். ஒரு டஜன் குழந்தைப் பனியன் அதைவிட எடை இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது, மூக்கில் காற்றுக் குழாய். இசக்கிமுத்து தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொடப் பயந்தான். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். விலா எலும்பு ஏறி இறங்கியது. ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மூச்சு விடுவது என்ற ஒரு வேலையை அது தானாகச் செய்வதை அவன் அரை மணி நேரம் நின்று பார்த்தான். அவ்வளவு பெரிய காரியத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உங்க ஊசிதாங்க காப்பாத்திச்சு" என்றான் டாக்டரிடம், கண் கலங்கி.

டாக்டர் சிரித்தார். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஊசி போடாமயே இது பிழைச்சிருக்கலாம். அந்தக் கட்டம் பல பேருக்குச் சேத்துச் சொல்லுது, தனித்தனி ஆளுக்கு அது எதுவும் சொல்லாது. உங்க பாப்பாவும் ஒரே ஒரு பீஸ்தானுங்க."

மனுஷி கொஞ்சம் பெருமையை வாங்கிக்கொண்டால் என்ன என்று அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. தன் பிள்ளை பிழைத்தது ஊசிக்குச் சாட்சி இல்லை என்றால், அண்ணன் பிள்ளை செத்ததும் ஊசிக்கு எதிரான சாட்சி இல்லை. அன்றே டாக்டரிடம் கேட்டு அந்தத் தாளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளத் திரும்பிப் போனான்.

பதினெட்டாம் நாள் வேலைக்கு வந்தவன் நேராக ரெக்கார்டு அறைக்குப் போய், திரும்பி வந்த சரக்கின் பழைய பைலைத் தேடினான். ஏழு தாளும் இருந்தன. கம்பெனி எதையும் தூக்கிப் போடாது, படிக்கவும் செய்யாது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு கட்டிங் டேபிளில் அந்த ஏழையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பரப்பினான். அந்தோணிராஜ் பார்க்காதவர் மாதிரிக் கத்திக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இதப் பாருங்க. நான் தப்பு செஞ்சது எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

தப்பைக் கண்டுபிடித்தேன் என்றால் எந்தக் கட்டிங் மாஸ்டரும் வராமல் இருக்க மாட்டார். வந்தார். நீலச் சாக்பீஸால் இசக்கிமுத்து டேபிளில் நேராக ஒரு கோடு இழுத்தான், ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு தாளுக்கும் எதிரே குறுக்கே ஒரு கோடு, இருபது பீஸும் எங்கிருந்து எங்கே வரை கிடந்ததோ அந்த நீளத்துக்கு. ஏழாவது கோடு போடுவதற்கு முன்பே அந்தோணிராஜ், "எல்லாம் குறைச்சல் பக்கந்தாம்ல இழுத்துக் கெடக்கு" என்றார். "தனித்தனியாப் பாத்தா தெரியாதுதாம். சேத்து வச்சா பச்சப் பிள்ளைக்கும் தெரியும்லா."

"ஆமாண்ணே." இசக்கிமுத்து சட்டைப் பையிலிருந்து டாக்டரின் தாள் நகலை எடுத்து அந்த ஏழு கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "இது அந்த ஊசி."

அவர் நகர்ந்துவிடுவார் என்று பயந்தான். நகரவில்லை. அவன் சொல்லச் சொல்லக் கேட்டார். சீட்டுக் குலுக்கியது, எண்ணியது, பல வருஷம் பலர் போடாமல் இருந்தது, யாரோ எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்தது. இவர் விரலும் துணி அறிந்த விரல், அது தாளின் மேல் ஒவ்வொரு கோடாக இறங்கி வந்து கடைசிக் கட்டத்தில் நின்றது.

"இதுல எம் பிள்ளை எங்கல இருக்கான்?"

இந்தக் கேள்வி வரும் என்று இசக்கிமுத்துவுக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தான். பொய் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. "இதுல இல்லண்ணே. இது அவன் பிறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டது. ஆனா அவன மாதிரிப் போன பிள்ளைக எல்லாம் இதுல இருக்கு. நூறு போற எடத்துல இருபது மிஞ்சுது, எண்பது ஊசி போட்டும் போவுது. நம்ம பயல் அந்த எண்பதுல போயிட்டான். எந்தப் பிள்ளை இருபதுல வரும், எது எண்பதுல போவும்னு போடும்போது ஒருத்தருக்கும் தெரியாதுண்ணே. டாக்டருக்கும் தெரியாது. போட்டாத்தான் அந்த இருபதே உண்டு."

கேன்டீன் பக்கம் யாரோ தட்டு கழுவும் சத்தம் கேட்டது. அந்தோணிராஜ் அந்தக் கட்டத்திலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

"அப்ப நான் போட வச்ச கையெழுத்து… அது தப்பில்லையாடா?"

"தப்பே இல்லண்ணே. அவனுக்கு இருந்த ஒரு வழிய நீங்க தொறந்து விட்டீங்க."

மூன்று வருஷமாக எங்கே வைத்திருந்தாரோ, அவ்வளவும் வந்தது. டேபிளில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, சத்தமாக அழுதார். இசக்கிமுத்து ஏழு தாளையும் நனையாமல் தள்ளி வைத்தான், பிறகு அவர் முதுகில் கையை வைத்தான். மணி அடித்து ஆட்கள் வருகிற சத்தம் கேட்டதும் அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னையன் வந்து அன்றைய வேலையை எடுத்து வைத்தான். பிறந்த குழந்தை சைஸ். வழக்கம் போல அளவு அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இங்க கொண்டா" என்றார் அந்தோணிராஜ்.

கன்னையன் இசக்கிமுத்துவைப் பார்த்தான். அட்டை கை மாறியது. அந்தோணிராஜ் அதைத் துணியில் வைத்துப் பார்த்தார், பெரிதாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். மீந்த துணியில் மெல்லிய வெள்ளைத் துண்டாக ஒன்றை உருவி விரித்து, சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

"ஏல, உம் பிள்ளைக்குத் தலைச் சுத்தளவு எவ்வளவு?"

"இருபத்தெட்டுண்ணே."

"கழுத்த முன்னால தொறந்து வைக்கேன். தலை வழியாப் போடவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் கோடு போட ஆரம்பித்தார்.